ஸ்டூலில் கிடந்த துண்டு

கம்பெனிக்கு ஸ்டூல்கள் வந்து இறங்கிய அன்றுதான் கொளஞ்சிக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

நல்ல ஸ்டூல்கள். நீல நிறம், பஞ்சு வைத்த இருக்கை, கால் வைத்துக்கொள்ளக் கீழே ஒரு வளையம். தரை துடைக்கிற மருந்து தயாரிக்கிற கம்பெனி அது. சேதராப்பட்டில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. காலி பாட்டில் ஒரு முனையில் பெல்ட்டில் ஏறும். போகிற வழியில் மருந்து நிரம்பும், மூடி ஏறும், லேபிள் ஒட்டும், மறுமுனையில் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும். கொளஞ்சி மூடி போடுகிறவள். லேபிள் மெஷினைத் தாண்டினால் தனக்கொடி. கோணலாக ஒட்டிய லேபிள், சரியாக இறங்காத மூடி, இவற்றைக் கண்ணால் பிடித்துக் கையால் எடுத்து ஓரத்தில் போடுவது அவள் வேலை. இரண்டு பேரும் வருஷக்கணக்கில் நின்றுகொண்டே செய்த வேலை. சாயந்தரம் வேனில் ஏறும்போது கால் தன்னுடையதாக இருக்காது. உடம்பு முழுக்க எலுமிச்சை வாசனை அடிக்கும். நெல்லித்தோப்பில் இறங்கித் தனக்கொடி தெருவுக்குள் நுழைந்தால், மளிகைக் கடைக்காரர் தலை நிமிராமலே "என்னா தனம், வேல முடிஞ்சிதா" என்பார். அப்படி ஒரு வாசனை.

இப்படி நின்று தேய்ந்தவர்களுக்கு உட்கார ஸ்டூல் வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே. யாரும் உட்காரவில்லை.

"ஒக்காருங்கம்மா, ஒங்களுக்குத்தான் வாங்கிப் போட்டிருக்கு," என்று சொல்லிக்கொண்டே சூப்பர்வைசர் செம்மல் அந்தப் பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் கொளஞ்சி, பெட்டி அடுக்குகிற அம்மாவாசையிடம் போனாள். லைனிலேயே வயதில் மூத்தவர் அவர். இளவயதில் ஒரு நூல் மில்லில் இருந்தவர். அந்த மில் இருந்த இடத்தில் இப்போது கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

"இன்னாண்ணா இது, திடீர்னு?"

"மில்லுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சிது," என்றார் அவர், ஒரு ஸ்டூலைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தபடி. "மொதல்ல குடிக்கறதுக்கு ஐஸ் தண்ணி மிஷினு வந்திச்சி. அப்பறம் ஆளுக்கு ரெண்டு சோப்பு. பெரிய அதிகாரி வந்து தோள்ல கை போட்டு, வூட்ல எல்லாரும் சௌக்கியமான்னு கேட்டாரு. கடசியா ஆளுக்கு ஒரு டிபன் கேரியரு, உள்ள லட்டு வச்சி. மறுநாளு காலைல போறோம், கேட்டுல பூட்டு."

தனக்கொடிக்கு அந்த டிபன் கேரியரைத் தெரியும். அவளுடைய அப்பாவும் அதே மில்தான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் சாயந்தரம் அப்பா அதைப் பளபளவென்று தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போன அப்பா, அம்மா வாசல் பெருக்கி முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேரியரில் யாரும் சோறு போட்டதில்லை. பரண்மேல் கிடந்து கறுத்தது.

லைனில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். முதலாளி கத்தினால் அந்த வீட்டுப் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். கத்துகிறவனுக்கு நாளைக்கும் நம்மிடம் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அவன் சிரித்தால்தான் பயப்படுவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் ஜாஸ்லின். ஆள்களைப் பார்த்துக்கொள்ளவென்று புதிதாக வந்திருக்கிற எச்.ஆர். மேடம். டவுன் பக்கத்துக் கிறிஸ்துவப் பெண். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர் என்று பேச்சு. நடக்கும்போதே சிரித்துக்கொண்டு நடப்பாள். யாரைக் கூப்பிட்டாலும் பெயரோடு ஒரு 'அக்கா', ஒரு 'அண்ணா' சேர்த்துக் கூப்பிடுவாள். அதுவே எல்லாருக்கும் சந்தேகமாக இருந்தது.

ஸ்டூலுக்குப் பிறகு கூரைக்குக் கீழே பெரிய ஃபேன்கள் வந்தன. டீயோடு பிஸ்கட் வந்தது. பிறகு ஒருநாள், மத்தியானம் சாப்பாடு முடிந்து திரும்பினால், மேஜைமேல் கேக். அதில் கொளஞ்சியின் பெயர்.

"ஹேப்பி பர்த்டே கொளஞ்சிக்கா," என்றாள் ஜாஸ்லின், கத்தியை அவள் கையில் கொடுத்து.

கொளஞ்சி கேக்கை வெட்டினாள். கை தட்டினார்கள். வேனில் ஏறின பிறகுதான் அவளுக்கு வாய் வந்தது. "எனக்கே தெரியாதுடி எம் பொறந்த நாளு. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியாரு ஏதோ ஒரு தேதி போட்டாரு, அதுதான் ஆதார்ல நிக்கிது. அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரிஞ்சிச்சி? எம் ஆதார எதுக்கு எடுத்துப் பாத்திருக்கா? கணக்கு முடிக்கறதுக்குத்தானே ஆதார எடுப்பாங்க?"

ஆளுக்கொரு துண்டு கேக் பேப்பரில் சுற்றி மடியில் இருந்தது. கேட்டைத் தாண்டினதும் வேன் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாக வெளியே போனது. சேதராப்பட்டு நாய்களுக்கு அன்றைக்கு நல்ல வேட்டை.

இதில் ஒரு வேடிக்கை. பயம் வந்த பிறகு எல்லாரும் வேலையை விழுந்து விழுந்து செய்தார்கள். பேச்சு நின்றது. செல்போனை வெளியே எடுப்பதில்லை. ஒன்றுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொண்டார்கள். செம்மல் கட்டாயப்படுத்திய பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்தான், ஆனால் பட்டும் படாமலும், எழுந்து ஓடத் தயாராக இருக்கிறவர்கள் மாதிரி. பாட்டில்கள் முன்பு எப்போதும் இல்லாத வேகத்தில் பெட்டிக்குள் போயின. சென்னையில் இருக்கிற முதலாளி விஜயராகவன் போனில் ஜாஸ்லினைப் பாராட்டினார் என்றும், ஆள்களைச் சந்தோஷமாக வைத்தால் எப்படி வேலை நடக்கிறது பார் என்று சொன்னார் என்றும் செம்மல் வந்து சொன்னார்.

"இன்னும் எதனா செய்யப் போறாங்களாம்," என்றார்.

தனக்கொடி ஒரு கோணல் லேபிளைக் கவனிக்காமல் விட்டாள்.

அந்த 'எதனா' புதன்கிழமை வந்தது. ஜாஸ்லின் பெல்ட்டை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினாள். "வெள்ளிக்கிழமை ஒவ்வொருத்தரையா என் ரூமுக்குக் கூப்புடுவேன். ஒரே ஒரு கேள்விதான். எந்த வேல செஞ்சா உங்களுக்கு மனசு நெறைஞ்சு இருக்கும்? இங்க இருக்கற எந்த வேலையா இருந்தாலும் சரி. தயங்காம சொல்லுங்க. முடிஞ்சா மாத்திக் குடுப்போம்."

அன்றைய வேன் பயணம் சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது.

"வேலையில புடிச்சது புடிக்காதது என்னா இருக்குது, இது என்னா மீன் கொழம்பா?" என்றாள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி.

அம்மாவாசை முன்சீட்டிலிருந்து திரும்பினார். "மில்லுலயும் கேட்டாங்க. வேற என்னா தொழிலு தெரியும்னு. தச்சு வேல தெரியும்னு ஒருத்தன் பெருமையா சொன்னான். அவன் பேருதான் மொதல்ல வெளிய வந்திச்சி. எவனுக்கு வேற ஆச இருக்குதுன்னு தெரிஞ்சிக்கறதுக்குத்தான் கேக்கறது. அவன அனுப்பறது சுலுவு பாரு."

கொளஞ்சி எழுந்து நின்றுவிட்டாள். ஓடுகிற வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இந்தாங்க, எல்லாரும் கேளுங்க. ஒரே பதிலு. 'இந்த வேலையே எனக்குப் போதும் மேடம், இதுலயே சந்தோஷமா இருக்கேன்.' இதுக்கு மேல ஒரு வார்த்த பேசக்கூடாது. எங்க, சொல்லுங்க," என்றாள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லாரும் சொன்னார்கள். வேன் டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"ஏய் தனம், ஒன் வாய் அசையல. நீ தனியா சொல்லு."

"இந்த வேலையே..." என்று தொடங்கிய தனக்கொடிக்கு நடுவில் இருமல் வந்தது. சமாளித்துச் சொல்லி முடித்தாள். கொளஞ்சி அவளைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

தனக்கொடிக்கு ஓர் ஆசை இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

கொட்டகையின் கடைசியில், அடுக்கின பெட்டிகளைத் தூக்கி லாரிக்குள் வைக்கிற ஃபோர்க்லிஃப்ட் ஒன்று உண்டு. முன்னால் இரண்டு இரும்புப் பற்கள் நீட்டிக்கொண்டிருப்பதால் எல்லாரும் அதைக் கொம்பு வண்டி என்பார்கள். கிளாட்வின் என்கிற பையன் அதை ஓட்டினான். அவன் அடுத்த மாதம் பிரான்சுக்கு, அக்கா வீட்டோடு போய்விடப் போகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து தனக்கொடிக்குச் சரியான தூக்கமில்லை.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். புருஷன் நெடுமாறன் குட்டி யானை வண்டி வைத்துப் பெரிய மார்க்கெட்டுக்குக் காய் ஏற்றிக்கொண்டிருந்தவர். விளையாட்டாக அவளுக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுத்து லைசென்ஸ் எடுத்துவைத்தார். ஒருநாள் மூட்டை இறக்கும்போது வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடி. கதிர்காமத்து ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்த காலம் முழுக்க அவள்தான் அந்த வண்டியை ஓட்டினாள். விடியற்காலையில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வெங்காய மூட்டைகளின் கனம் வண்டியைக் கொஞ்சம் கீழே அமுக்க, மேட்டில் கியரை மாற்றும்போது முழு பாரமும் தன் பேச்சைக் கேட்டு ஏறுவது தெரியும். வாழ்க்கையில் வேறு எதுவும் அவள் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. புருஷன் எழுந்து நடமாட ஆரம்பித்தார், ஆனால் கனம் தூக்கவோ வண்டியில் உட்காரவோ முடியாது என்று ஆகிவிட்டது. பழைய வண்டி, செலவு வைத்தது, விற்றாயிற்று. அவள் பாட்டிலைப் பார்க்க வந்துவிட்டாள். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. மகள் காலேஜ் படிக்கிறாள்.

அதனால்தான் பயம். கேட்டால் கிடைக்கலாம். கேட்டதாலேயே இருப்பதும் போகலாம்.

வெள்ளிக்கிழமை காலை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அவள் கேட்டுவிட்டாள். "ஏங்க, வேற வேல கேட்டா வெளிய அனுப்பிடுவாங்களா?"

நெடுமாறன் சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னா வேல?"

"சும்மாதான் கேட்டேன்."

"கொம்பு வண்டியா?"

அவள் மூடியைச் சரியாகப் போட முடியாமல் நின்றாள்.

"தூக்கத்துல கால ஒதைக்கிற," என்றார் அவர். "மொதல்ல வலிப்போன்னு பயந்தேன். அப்பறம் பாத்தா, கிளட்சு மிதிக்கிற." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "கேளுன்னு சொல்லவும் பயமா இருக்குது தனம். கேக்காதன்னு சொல்லவும் வாய் வரல. நான் என்னாத்த சொல்றது."

வேன் ஹாரன் அடித்தது.

கம்பெனியில் காலை முழுக்க ஒவ்வொருவராக அந்தக் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் போய்விட்டு வந்தார்கள். போன வேகத்தில் திரும்பினார்கள். அம்மாவாசை வெளியே வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போலப் பெட்டி அடுக்கினார். கொளஞ்சி வந்தவள் தனக்கொடியின் காதருகே, "சொல்லிட்டேன். நீயும் அத மட்டும் சொல்லிட்டு வந்துடு, என்னா," என்று அவள் கையை அழுத்திவிட்டுப் போனாள்.

தனக்கொடி உள்ளே போனபோது ஜாஸ்லின் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே மை கொஞ்சம் கலைந்திருந்தது.

"ஒக்காருங்கக்கா. உங்களுக்கு எந்த வேல புடிக்கும்?"

"இந்த வேலையே எனக்குப் போதும் மேடம், இதுலயே..."

"சந்தோஷமா இருக்கேன்," என்று முடித்தாள் ஜாஸ்லின். பேனாவை மேஜைமேல் போட்டாள். அது உருண்டு கீழே விழுந்தது. எடுக்கவில்லை. "நீங்களுமாக்கா? ஒருத்தர் விடாம அதேதான். காலையிலேருந்து ஜெபம் சொல்ற மாதிரி கேட்டுக்கிட்டிருக்கேன். நான் உங்களுக்கெல்லாம் என்ன கெடுதல் செஞ்சேன்?"

தனக்கொடி கீழே கிடந்த பேனாவைப் பார்த்தாள்.

"கேட்டுக்கு வெளிய நாய் தின்னுட்டு மிச்சம் வச்ச கேக்க நான் பாத்தேன்," என்றாள் அந்தப் பெண், குரல் இறங்கி. "தாத்தாவோட பென்சன் அவரோட போயிடுச்சிக்கா. எல்லாரும் நான் பொழுதுபோக்குக்கு வரேன்னு நெனைக்கிறாங்க. இதுவும் போச்சின்னா எனக்கும் வேற எடம் கெடையாது. ஆளுங்க மனசு தெரிஞ்சி வேல குடுத்தேன்னு முதலாளிகிட்ட நான் காட்டணும். என்ன காட்டுவேன்? எல்லாரும் ஒரே மாதிரி சந்தோஷமா இருக்காங்கன்னா?"

தனக்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது, மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்கிற அதே பயம்தான் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறது என்று. அவள் அறியாமலே வாய் திறந்தது. டிபன் கேரியரைச் சொன்னாள். உள்ளே இருந்த லட்டைச் சொன்னாள். அப்பா திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். "எங்களுக்கு யாராச்சும் நல்லது செஞ்சா, போகச் சொல்றாங்கன்னு தோணிடும் மேடம். தப்புதான். ஆனா அப்படித்தான் தோணுது."

ஜாஸ்லின் முதலில் சிரிப்பதற்கு வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"மேடம், மூடப் போறீங்களா?"

தனக்கொடி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சி இல்லக்கா," என்றாள் ஜாஸ்லின். கொஞ்சம் யோசித்து, "எனக்குத் தெரியாம முதலாளி ஏதாவது வச்சிருந்தா, எனக்கும் உங்க கூடத்தான் தெரியும்," என்றாள்.

மூடவே மாட்டோம் என்று அவள் சத்தியம் பண்ணியிருந்தால் தனக்கொடி எழுந்து வந்திருப்பாள். இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. விழுந்து கிடந்த பேனாவைக் குனிந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமலே சொன்னாள்.

"கிளாட்வின் போறானாமே. அந்தக் கொம்பு வண்டி... எனக்கு ஓட்டத் தெரியும். அது மாதிரி இல்ல, வேற வண்டி. ஆனா கத்துக்குவேன்."

வெளியே வந்தபோது பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கொளஞ்சி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். இரண்டு பாட்டில்கள் மூடியில்லாமல் போயின.

"ஏன் இவ்ளோ நேரம்?"

"கேட்டுட்டேன் கொளஞ்சி."

"எத?"

தனக்கொடி சொன்னாள். மில் கதையைச் சொன்னதையும் மறைக்கவில்லை.

கொளஞ்சி ஒன்றும் கத்தவில்லை. "எல்லார் பயத்தயும் கொண்டு போயி அவ மேஜயில கொட்டிட்டு, ஒனக்கு மட்டும் ஒண்ணு கேட்டுட்டு வந்துட்ட," என்றாள் மெதுவாக. "நல்லா இருடி." சாயந்தரம் வேனில் தனக்கொடிக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

திங்கட்கிழமை ஜாஸ்லின் சிரிக்காமல் வந்தாள். லைன் நடுவில் நின்று, பழக்கமில்லாத குரலில், "கொளஞ்சிக்கா, மூடியெல்லாம் கீழ கெடக்குது, யாரு பொறுக்கறது?" என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே மிரண்டாள். பிறகு எல்லாரையும் பார்த்து, "தீபாவளி வரைக்கும் ஆர்டர் கைல இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே உங்ககிட்ட சொல்லுவேன். இனிமே கேக் கெடையாது," என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

கொளஞ்சி குனிந்து மூடிகளைப் பொறுக்கினாள். நிமிர்ந்தபோது அவள் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது. "திட்டிட்டா," என்றாள் அம்மாவாசையிடம், நல்ல சேதி சொல்கிற மாதிரி. ஆனால் தனக்கொடி பக்கம் திரும்பவில்லை.

முதலாளி யோசிப்பதற்குச் சில நாள் எடுத்துக்கொண்டார். அந்த நாள்களில் செம்மல் போகும்போதும் வரும்போதும், "என்னாம்மா டிரைவர், பாட்டிலெல்லாம் கண்ணுக்குத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், கிளாட்வின் கிளம்புவதற்குள் பழகட்டும், சரியாக வந்தால் முறைப்படி பயிற்சிக்கு அனுப்பலாம், வராவிட்டால் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்தப் 'பிறகு பார்க்கலாம்' தனக்கொடியைப் பிடித்துக்கொண்டது. பிறகு எதைப் பார்ப்பார்கள்? பாட்டில் பார்க்கிற இடத்தையா, வெளியே போகிற வழியையா?

டீ நேரத்துக்குப் பிறகு பழகச் சொன்னார்கள். முதல் நாள் அவள் லைனை விட்டு எழுந்து பத்தடி போயிருக்க மாட்டாள். பெட்டி ஒட்டுகிற பெண்ணை அவள் இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தார் செம்மல். அந்தப் பெண் ஸ்டூலை இழுத்து உட்காரப் போனாள். கொளஞ்சி தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து அந்த ஸ்டூலின்மேல் வீசினாள்.

"அதுக்கு ஆளு இருக்குது. நீ நின்னு பாரு."

பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் பிடிக்கிற மாதிரி ஒரு வீச்சு. தனக்கொடி திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சி அவளைப் பார்க்காமல் மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். தனக்கொடி எழுந்தால் துண்டு விழும். திரும்பி வந்தால் துண்டு எடுக்கப்படும். பேச்சு மட்டும் கிடையாது.

கொம்பு வண்டி அவள் நினைத்த மாதிரி இல்லை. குட்டி யானையில் முன்சக்கரம் திரும்பும். இதில் திரும்புவது பின்சக்கரம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலும் வண்டியின் பின்புறம் ஆட்டுக்கடா மாதிரி எதிர்ப்பக்கம் பாயும். "முன்னாடி பாக்காதக்கா, பின்னாடி எங்க போவுதுன்னு மனசுல வச்சிக்க," என்று கிளாட்வின் ஓரத்தில் நின்று சொல்லுவான். மனசில் வைக்க ஏற்கனவே நிறைய இருந்தது. மகளின் காலேஜ், புருஷனின் முதுகு, செம்மலின் சிரிப்பு, ஸ்டூலில் கிடக்கிற துண்டு. இறங்கும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும்.

ஜாஸ்லினும் செம்மலும் வந்து பார்த்த அன்று, நிஜமான சரக்கைத் தூக்கச் சொன்னார்கள். வாசலில் லாரி நின்றது. லைனில் பெல்ட் ஓடியது, ஆனால் கண்கள் எல்லாம் இந்தப் பக்கம்தான். தனக்கொடி இரும்புப் பற்களைப் பெட்டிகள் அடுக்கின பலகைக்கு அடியில் நேராக விட்டாள். தூக்கினாள். பெட்டிகளின் கனம் வண்டியை முன்னால் அமுக்கியது. வெகு நாளைக்குப் பிறகு அந்தக் கனம் அவள் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு நொடி எல்லாம் மறந்துபோனது. அந்த நொடியில்தான் திருப்பினாள். பின்னால் எதுவோ இடித்தது.

அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிதானமாக, ஒவ்வொன்றாக விழுந்தன. பாட்டில்கள் வெடித்தன. கொட்டகை முழுக்க எலுமிச்சை.

தனக்கொடி வண்டியை நிறுத்தினாள். தூக்கின சரக்கைக் கீழே இறக்கினாள். சாவியைத் திருப்பி அணைத்தாள். இவ்வளவையும் கை ஒழுங்காகச் செய்தது. பிறகுதான் நடுக்கம் வந்தது. அப்பா செருப்போடு உட்கார்ந்திருந்த மாதிரியே அவளும் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று தொடங்கினார் செம்மல்.

"நான் மொத வாரத்துல ஷட்டரயே பேத்தேன் சார்," என்றான் கிளாட்வின். "நீங்கதான காத்து அடிச்சதுன்னு முதலாளிகிட்ட சொன்னீங்க."

செம்மல் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவாசை வந்தார். தரையில் பரவின மருந்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். "தரை தொடைக்கிற மருந்து. தரையிலதான கொட்டியிருக்குது. வந்ததுலேருந்து இந்தத் தரைக்கு ஒரு பாட்டிலு ஊத்தினது கெடையாது," என்றார். லைனில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. தனக்கொடிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் ஜாஸ்லினைப் பார்த்தாள்.

ஜாஸ்லின் செருப்பு நனைய நடந்து வந்தாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. இதற்கு அவளும் பதில் சொல்ல வேண்டும்.

"மறுபடி தூக்குவீங்களாக்கா?" என்று மெல்லக் கேட்டாள். "இல்ல, போதுமா? போதும்னாலும் பரவாயில்ல. லைன்ல உங்க எடம் அப்படியே இருக்கு."

தனக்கொடி லைன் பக்கம் பார்த்தாள். அங்கே நீல ஸ்டூலின்மேல் துண்டு கிடந்தது. போய் உட்கார்ந்துவிடலாம். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நாளைக்குக் கொளஞ்சி பேசக்கூடப் பேசுவாள்.

"தண்ணி ஊத்திக் கழுவிட்டா சக்கரம் வழுக்காது," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கழுவினார்கள். கிளாட்வின் ஏறவில்லை. அவள்தான் மறுபடி சாவியைத் திருப்பினாள். இந்தத் தடவை கனம் உள்ளங்கைக்கு வந்தபோது அவள் மறக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பின்புறம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே திரும்பினாள். லாரிக்குள் சரக்கு இறங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. செம்மல் கைகட்டிக்கொண்டு பார்த்தார், பிறகு வேறு வேலை இருக்கிறவர் மாதிரிப் போய்விட்டார்.

லாரி இன்னும் நிரம்பவில்லை. இடையில் அவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நேராக லைனுக்குப் போனாள். ஸ்டூலின்மேல் கிடந்த துண்டை எடுத்து உதறி, நாலாக மடித்துக் கொளஞ்சியிடம் நீட்டினாள்.

கொளஞ்சி வாங்கவில்லை. "எதுக்கு?"

"அந்தப் பொண்ணு ஒக்காரட்டும். காலு வலிக்கும்."

"அவசரப்படாத. இன்னிக்கிதான் இடிச்ச. நாளைக்கி வேணாம்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும்."

"நாளைக்கே கேட்டுல பூட்டப் போட்டா?"

"போட்டா ரெண்டு பேரும் வெளியதான் நிப்போம். ஸ்டூலா கூட வரும்?"

கொளஞ்சி துண்டை வாங்கிக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "ஒரே எலுமிச்ச நாத்தம்," என்றாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "கை இன்னும் ஆடுதுடி ஒனக்கு," என்றாள்.

"ஆடுது. பயமாத்தான் இருக்குது." தனக்கொடி கையைப் புடவையில் துடைத்தாள். "லாரி நெறையணும், நான் கடசியாத்தான் வருவேன். இந்தத் துண்ட வேன்ல போட்டு வை. ஜன்னல் ஓரமா."

பெட்டி ஒட்டுகிற பெண் தயங்கித் தயங்கி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தனக்கொடி அதைப் பார்க்க நிற்கவில்லை. ஆடுகிற கையோடு போய் வண்டியில் ஏறி, கழுத்தைத் திருப்பிப் பின்னால் ஒருதரம் பார்த்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாள்.